பன்னிரண்டாவது நாற்காலி

நவம்பரில் முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம்.
மூன்றாவது சொந்த அரங்கில், முப்பத்தொரு புள்ளி வித்தியாசம்.
அன்றிரவு மொன்டானாவில் மைனஸ் இருபத்தாறு.
எங்கள் கோச்சின் பிக்கப் உறைந்துபோய் நிற்க
வென்றவர்களின் பேருந்திலிருந்து ஒயர் இழுத்து
உயிர் கொடுத்தார்கள்.
நன்றி சொல்ல வேண்டியிருந்தது.
தோல்விகூடப் பரவாயில்லை.

நான் பன்னிரண்டாவது நாற்காலி.
கோச் பெட்ரோவ்ஸ்கி எட்டுப் பேருக்கு மேல்
நம்பமாட்டாள்.
ஒன்பதாவது ஆள் காய்ச்சல் சீசனுக்கு,
பத்தும் பதினொன்றும் அடுத்த வருடத்துக்கு,
நான் ஒப்புக்குச் சப்பாணி.
ஆனால் கை நீளம்.
எங்கள் பண்ணையில் கன்று குறுக்கே திரும்பிவிட்டால்
வெட்டர்னரியை அல்ல, என்னைத்தான் எழுப்புவார்கள்.

பயிற்சியில் எனக்கு வேலை
அந்த வாரத்து எதிரியாக இருப்பது.
திங்களன்று இடக்கைக்காரி.
வியாழனன்று முதுகைக் காட்டியே முன்னேறும் குண்டுப்பெண்.
என்மீது மோதித்தான் ஷானி லாங்ட்ரீ
ஒவ்வொருத்தியையும் நிறுத்தக் கற்றாள்.
பாடம் அவளுக்கு, நீலம் பாரித்த விலா எனக்கு.
அந்தக் குளிர்காலத்தில் நான்
பதினேழு பெண்களாக இருந்தேன்.
நானாக ஆடியது மொத்தம் ஒன்பது நிமிடம்,
அதுவும் மக்கள் கோட்டை மாட்டிக்கொண்டு
கிளம்பிக்கொண்டிருந்தபோது.

ஜனவரியில் பனிப்புயல் பேருந்தை மறித்தது.
ஒரு லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
குழந்தைகளின் பாய்களில் காலை மடக்கித் தூங்கினோம்.
அந்த இரவுதான் எங்களை ஒன்றாக்கியது என்று
பிறகு ஒரு செய்தித்தாள் எழுதியது.
பொய். அன்றிரவு போர்வைக்குச் சண்டை போட்டு
இரண்டு பேர் மார்ச் வரை பேசிக்கொள்ளவில்லை.
நடந்தது இதுதான்:
இங்க்ரிட் ட்வேட்டுக்கு மூக்கு உடைந்தது.
முகமூடி போட்டபின் அவளுக்குப் பயம் விட்டுப்போனது.
மூன்று பேர் நிற்கும் இடத்தில் கதவு இருப்பதுபோல நுழைந்தாள்.
அவள் நுழைந்த வழியில் நாங்களும்.
இருபத்திரண்டு ஆட்டம், வரிசையாக.

இறுதி ஆட்டம் அயோவாவில்.
அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. பின்தங்கியது நாங்கள்.
மிச்சம் இரண்டு புள்ளி எட்டு நொடி,
பந்து எங்களுடையது, பக்கக்கோட்டிலிருந்து.
அதை எறிபவளின் முகத்துக்கு நேரே
ஆறடி நான்கங்குலப் பெண் கையை உயர்த்தி நிற்பாள்.
கோச் திரும்பினாள்.
பெஞ்சின் வால்வரை அவள் கண் வந்தது
அந்த வருடத்திலேயே முதல்முறை.
"ட்வைலா."
நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.
"அது இல்லை. உன் கை."

கோட்டுக்கு வெளியே நின்றேன்.
நடுவரின் விரல்கள் காற்றை வெட்டி எண்ணின:
ஒன்று. ஷானிக்கு வழியில்லை.
இரண்டு. இங்க்ரிட் விழுந்துகிடந்தாள்.
மூன்று. நெட்டைப் பெண்ணின் அக்குளுக்குக் கீழே
ஒரு பொந்து,
பசுவுக்குள் கை விடும்போது இருட்டில் தட்டுப்படுமே,
இதோ குளம்பு என்று, அப்படி.
நான்கு என்பதற்குள் எறிந்துவிட்டேன்.
அவள் சுண்டுவிரல் பந்தை உரசியது.
அதன்பிறகுதான் கடிகாரம் அசைந்தது.
ஷானி பிடித்தாள், எழும்பினாள்,
மற்றதை நான் பார்க்கவில்லை.
எனக்கு முன்னால் அந்த உயரமான முதுகு,
மெல்ல மெல்லக் குனிவது மட்டும் தெரிந்தது.

புள்ளிப்பட்டியலில் என் பெயருக்கு நேரே
நிமிடம் சைபர், புள்ளி சைபர்.
எதிராளி விரல் பட்டதால் அசிஸ்ட்டும் கிடையாதாம்.
கணக்குப் பிள்ளை நல்லவர்,
வருத்தத்தோடுதான் சொன்னார்.

எட்டாம் நாள் கொட்டகையில்
தோள்வரை கையை விட்டபடி மண்டியிட்டிருந்தேன்.
அண்ணன் வெண்டல் லாந்தரைப் பிடித்திருந்தான்.
"ஃபைனலில் எவ்வளவு நேரம் ஆடினாய்?"
"கடிகாரம் ஓடவில்லை," என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"காலா, தலையா?"
"கால்."
"இழு."